வீட்டுத் தோட்டத்தில் வெட்டிவேர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருக்களிலும் வீட்டு முற்றத்தில் கொரியன் புல் விரிப்பதும், அது பழுக்காமலிருக்க நாள்தோறும் குழாயைத் திறந்துவிடுவதும் இன்று வழக்கமாகிவிட்டன. தோட்டத்தில் புல்லின் அழகு வேண்டும், ஆனால் அதற்குச் செலவழிக்கத் தண்ணீர் இல்லை என்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பிறந்த வெட்டிவேர் இருக்கிறது. தமிழகச் சமவெளிகளில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் இதைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் கீழே தரப்பட்டுள்ளன.

வெட்டிவேரை வேருக்காகத்தானே வளர்க்கிறார்கள்? அழகுக்காக வளர்க்கத் தகுந்த புல்லா இது?

தகுந்ததுதான். நன்றாகத் தூர் கட்டிய, அதாவது ஒரே அடியிலிருந்து பல தண்டுகள் கூட்டமாகக் கிளம்பிய, வெட்டிவேர் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு விறைப்பாக எழுந்து, இலை நுனிகள் மட்டும் வெளிப்புறமாக வளைந்து நிற்கும். இலைகள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ளவை. காற்றில் தொடர்ந்து அசைந்துகொண்டிருக்கும். பூத்தால் இலைகளுக்கு மேலே ஊதா கலந்த பழுப்பு நிறக் கதிர்கள் எழும். தென்னாட்டு வகைகளில் சில பூக்காமலேயும் இருந்துவிடும். பூவை நம்பி இதை நட வேண்டாம் என்பதே என் கருத்து. இதன் அழகு முழுவதும் தூரின் வடிவத்திலும் பசுமையிலும் இருக்கிறது. தனித்தனித் தூர்களாக இரண்டரை அடி இடைவெளியில் நட்டு, இடையிடையே ஆவாரை வைத்தால், மஞ்சள் பூவும் பச்சைப் புல்லும் சேர்ந்து சிறிதளவு தண்ணீரில் வாழும் தோட்டம் ஒன்று உருவாகிவிடும். நடைபாதையின் ஓரத்தில் வரிசையாக நட்டு முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால், அது வேலியாகவும் அமையும்.

தண்ணீரே ஊற்றாமல் வளருமா?

வளர்ந்து நிலைத்த தூர் மழையை மட்டுமே நம்பி வாழும். புதிதாக நட்ட நாற்று அவ்வாறு வாழாது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால்தான் பல இடங்களில் வெட்டிவேர் முதல் கோடையிலேயே பட்டுப்போகிறது. "வறட்சியைத் தாங்கும்" என்று விற்பவர் சொன்னதை அப்படியே நம்பி, நட்ட மறுவாரமே தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள்.

வறட்சியைத் தாங்கும் ஆற்றல் இந்தப் புல்லின் வேரில் இருக்கிறது. மற்றப் பல புற்களின் வேர்கள் மேல்மண்ணில் ஒரு சாண், இரண்டு சாண் ஆழத்துக்குள் பக்கவாட்டில் பரவும்போது, வெட்டிவேரின் வேர்கள் நேராகக் கீழ்நோக்கி இறங்குகின்றன. மண் இடம் கொடுத்தால் அவை மூன்று மீட்டர் ஆழத்தையும் எட்டும். பங்குனி, சித்திரையில் மேல்மண் முழுவதும் காய்ந்துபோன பிறகும் கீழே ஈரம் மீதமிருக்கும்; அந்த ஈரத்தை எட்டிப் பிடித்துக்கொண்ட செடிக்கு மேலே தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே நட்டவுடன் முதல் இரண்டு வாரங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாளும், அடுத்த இரண்டு மாதங்களுக்கு வாரம் இருமுறையும், முதல் கோடை முடியும்வரை வாரம் ஒருமுறை மண்ணில் ஆழமாக இறங்கும் அளவுக்கும் தண்ணீர் விட வேண்டும். நாள்தோறும் சிறிதளவு தெளிப்பதைவிட, இடைவெளி விட்டு நிறைய ஊற்றுவதே நல்லது. ஈரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அந்த ஆழத்துக்கு வேர் இறங்கும். இரண்டாம் ஆண்டு முதல், தொடர்ந்து பல மாதங்கள் மழையில்லாமல் இலைகள் பாதிக்குமேல் பழுத்தால் மட்டும் தண்ணீர் கொடுத்தால் போதும்.

காட்டு நிலையில் இந்தப் புல் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் வளர்வது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால் வேரூன்றிய தூர், மழைக்காலத்தில் சில வாரங்கள் நீர் தேங்கி நின்றாலும் அழுகுவதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளமும் சித்திரை, வைகாசியில் வெக்கையும் மாறி மாறி வரும் சென்னை போன்ற ஊர்களுக்கு இதைவிடப் பொருத்தமான புல்லை நான் அறியேன்.

விதை விழுந்து தோட்டமெங்கும் களையாகப் பரவிவிடாதா?

பரவாது, ஆனால் நீங்கள் நடுவது தென்னாட்டு வகையாக இருக்க வேண்டும். வெட்டிவேரில் இரண்டு வகைகள் உண்டு. வட இந்தியாவில் காடாக வளரும் வகை முளைக்கும் விதைகளைத் தருகிறது. தென்னிந்தியாவில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டு வரும் வகை முளைக்கும் திறனுள்ள விதை தருவதில்லை. அறுகு, கோரை போல நிலத்துக்கடியிலோ நிலத்தின்மேலோ கொடியோடிப் பரவும் தண்டுகளும் இதற்கு இல்லை. எந்த இடத்தில் நட்டீர்களோ அந்த இடத்திலேயே தூர் பருத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

நர்சரிகளில் அலங்காரப் புல்லாக விற்கப்படும் ஆப்பிரிக்க நீரூற்றுப் புல்லுக்கு இந்த நல்ல குணம் கிடையாது. ஊதா நிறக் கதிர்களுடன் அது மிக அழகாகவே இருக்கும். ஆனால் அதன் சாதாரண வகையின் விதைகள் காற்றில் பறந்து சென்று முளைத்துவிடும். ஹவாய்த் தீவுகளில் அது எரிமலைப் பாறை நிலங்களெங்கும் பரவி, காட்டுத்தீக்கு எரிபொருளாகி, அங்குள்ள சொந்தத் தாவரங்களை நெருக்கிவிட்டது. வறட்சியைத் தாங்குவது மட்டுமே ஒரு செடியைத் தேர்ந்தெடுக்கப் போதுமான காரணமாகிவிடாது. வேலிக்கு வெளியே போய் அது என்ன செய்யும் என்பதையும் நாம்தான் பார்த்தாக வேண்டும்.

வாங்கும் நாற்று வெட்டிவேர்தான் என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

வெட்டிவேர் என்ற பெயரில் எலுமிச்சைப்புல்லைக் கொடுத்துவிடுவது உண்டு. இளம் நாற்றாக இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை மணம் வந்தால் அது வெட்டிவேர் அன்று. வெட்டிவேரின் இலைக்கு வாசனை கிடையாது. வாசனை வேரில் மட்டுமே உண்டு. அடுத்து, தூரின் அடிப்பகுதியை விரலால் தடவிப் பாருங்கள். எலுமிச்சைப்புல்லின் அடித்தண்டு உருண்டு திரண்டிருக்கும். வெட்டிவேரின் இலையடிகளோ மடித்துவைத்த காகிதம் போலத் தட்டையாகி, ஒன்றை ஒன்று தழுவியபடி இரண்டு பக்கமும் விசிறியாக விரிந்திருக்கும். வேர் முற்றிய செடியானால் ஒரு வேரை ஒடித்து நனைத்து முகர்ந்தால் ஐயமே இருக்காது.

விலாமிச்சை என்ற பெயரையும் சிலர் இதற்கு வழங்குகிறார்கள். விலாமிச்சை என நாட்டு மருந்துக் கடைகளில் கிடைப்பது துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் வேர். அது புல்லே அன்று.

நாற்று வாங்கும்போது விதையிலிருந்து வந்ததா, தூர் பிரித்து எடுத்ததா என்றும் கேளுங்கள். தூர் பிரித்த நாற்றை மட்டுமே வாங்குங்கள். கடலூர் மாவட்டத்தின் கடலோர மணற்பகுதிகளில் வெட்டிவேர் பணப்பயிராகவே பயிரிடப்படுவதால், அந்தப் பக்கத்து விவசாயிகளிடமிருந்து பெறும் நாற்று நம்பகமானது.

எந்த மாதத்தில் நடலாம்?

தண்ணீர் கையில் இருந்தால் ஆடி, ஆவணியில் நடுவது மிக நல்லது. வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் செடி வேர் பிடித்துவிடும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அந்தப் பருவத்தில் கிடைப்பதால், அதன் பிறகு நீங்கள் ஊற்றும் தண்ணீர் மிகக் குறைவாகவே இருக்கும். மழையை மட்டும் நம்பி நடுபவர்கள் புரட்டாசிக் கடைசியில் நடலாம். மாசி முதல் வைகாசி வரை நட வேண்டாம்.

எப்படி நடுவது?

தாய்த்தூரை மண்வெட்டியால் தோண்டி எடுத்து மண்ணை உதறுங்கள். பழைய தூர் கையால் பிரியாது. இழுத்தால் கண்ணோடு பிய்ந்து வீணாகும். பழைய மரம் அறுக்கும் வாள் ஒன்றால் அடியிலிருந்து அறுத்துப் பிரிப்பது எளிது. ஒவ்வொரு நாற்றிலும் இரண்டு மூன்று தண்டுகள் சேர்ந்திருக்க வேண்டும். ஒற்றைத் தண்டும் பிழைக்கும், ஆனால் தூர் கட்ட நாளாகும். இலைகளை ஒரு சாண் உயரத்துக்கும் வேர்களை நான்கு விரல் நீளத்துக்கும் வெட்டிவிடுங்கள். அவ்வளவு நல்ல வேரை வெட்டுகிறோமே என்று தயங்க வேண்டியதில்லை. பழைய நீள வேர்கள் குழியில் மடங்கிக் கிடந்து மட்கத்தான் போகின்றன. செடியைத் தாங்கப்போவது கணுவிலிருந்து புதிதாக வரும் வேர்களே.

வெட்டிய நாற்றுகளை ஒரு வாளியில் அடிப்பகுதி மட்டும் மூழ்கும்படி நிழலில் சில நாள்கள் வைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டே வந்தால், அடிக் கணுக்களில் வெள்ளை முனைகள் அரிசி அளவுக்குத் துருத்திக்கொண்டு வருவதைப் பார்க்கலாம். அந்த நிலையில் நட்டவை பெரும்பாலும் தவறுவதில்லை. நாற்று வாளியில் நிற்கும் நாள்களில் குழிகளைத் தோண்டி, தொழுவுரமோ மட்கிய எருவோ இரண்டு கையளவு கலந்து, ஒருமுறை தண்ணீர் விட்டு ஆற வைத்துவிடலாம்.

நடும்போது தண்டும் வேரும் சேரும் கணு மண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். சுற்றிலும் காலால் மிதித்து மண்ணை இறுக்குங்கள். உள்ளே காற்று தங்கினால் வேர் காயும். வேலியாக அடைய வேண்டுமானால் நாற்றுக்கு நாற்று அரை அடி விடுங்கள். தனித்தூராக நின்று அழகு தர வேண்டுமானால் இரண்டு முதல் இரண்டரை அடி விடுங்கள். கடைசியாக வைக்கோல், காய்ந்த இலை என்று கிடைத்ததைக் கொண்டு மூடாக்குப் போடுங்கள்.

எந்த மண்ணில் வளரும்?

ஏறக்குறைய எல்லா மண்ணிலும் வளரும். கடலோர மணல், செம்மண், கரிசல் மூன்றிலும் இதைக் காணலாம். ஓரளவு உவரையும் தாங்கும். கட்டடம் கட்டிய கல்லும் சிமென்டுக் குப்பையும் புதைந்த முற்றத்தில் மட்டும் முதலில் இரண்டடி ஆழத்துக்கு அவற்றை அகற்றிவிட்டு நடுங்கள்.

நிழலில் வளருமா?

வளராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மரத்தடியில் நட்ட வெட்டிவேர் சாகாமல் இருக்கும், ஆனால் தூர் கட்டாது. இலைகள் நீண்டு சாய்ந்து கிடக்கும். நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் விழாத முற்றத்துக்கு வேறு செடியைத் தேடுவதே சரி.

இவ்வளவு ஆழமாக வேர் போனால் சுவருக்கும் குழாய்க்கும் கெடுதல் வராதா?

மர வேரைப் போல இது ஆண்டுதோறும் பருப்பதில்லை. வேர்கள் மெல்லிய நூலிழைகளாகவே இருப்பதால் அடித்தளத்தை நெம்பித் தூக்கும் வலு அவற்றுக்கு இல்லை. மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொள்கின்றன. இருந்தாலும் கசியும் கழிவுநீர்க் குழாய் இணைப்பை எந்த வேரும் தேடிப் போகும் என்பதால், பழைய மண்குழாய் புதைந்திருக்கும் இடத்தில் நட வேண்டாம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நட்டால், தூர் பெருத்த பிறகும் சுவரோரத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்ய இடமிருக்கும்.

துணி துவைத்த நீரையும் குளித்த நீரையும் விடலாமா?

விடலாம். தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) நீரிலிருந்து மிகுதியாக உறிஞ்சிக்கொள்வதால், பல நாடுகளில் கழிவுநீரைத் தூய்மைப்படுத்த வெட்டிவேரைப் பயன்படுத்துகிறார்கள். குளியலறை நீர் வெளியேறும் வாய்க்காலின் இரு கரையிலும் இதை நட்டுவிட்டால் முற்றத்தில் சேறும் நாற்றமும் குறையும். சலவைத்தூள் நீரில் உப்பு மிகுதி; அதை மட்டும் தொடர்ந்து விடாமல் குளித்த நீருடன் கலந்து விடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரம் கழுவிய நீர் மண்துளைகளை அடைத்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. மழைநீர் சேகரிப்புத் தொட்டி நிரம்பி வழியும் இடமும் இந்தப் புல்லுக்கு உகந்தது.

சரிவான இடத்தில் மண் கரைந்து போகிறது. வெட்டிவேர் உதவுமா?

இந்தப் புல் உலகெங்கும் பெயர் பெற்றதே அந்த வேலையால்தான். கர்நாடகத்தின் குண்டல்பேட்டைப் பகுதி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக இதை வயல் எல்லையில் வேலியாக நட்டு வந்திருக்கிறார்கள். 1950களில் ஃபிஜித் தீவில் கரும்புத் தோட்டச் சரிவுகளில் மண் பாதுகாப்பு வல்லுநர் ஜான் கிரீன்ஃபீல்டு இதைப் பயன்படுத்தினார். 1980களில் உலக வங்கியின் பணிக்காக இந்தியாவுக்கு வந்த அவரும் ரிச்சர்டு கிரிம்ஷாவும் மண் அரிப்பைத் தடுக்க இதைப் பரிந்துரைத்தார்கள். தாய்லாந்தில் மன்னர் பூமிபோல் 1991 முதல் இதை நாடு முழுவதும் பரப்பினார். நம் ஊர்ப் புல்லை அயல்நாட்டார் மலைச்சரிவுகளில் நட்டுப் பயன்பெறும்போது, நம் வீட்டுச் சரிவுகளில் சிமென்டைப் பூசுவது எனக்கு வருத்தம் தருகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. நீர் ஓடும் திசைக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில், அரை அடி இடைவெளியில் ஒரு வரிசை நடுங்கள். நெருங்கி வளர்ந்த தண்டுகள் நீரின் வேகத்தைத் தணித்து, மண்ணை மேல்புறத்தில் தேக்கும். மண் சேரச் சேர, புதைந்த கணுக்களிலிருந்து புதுவேர் விட்டுத் தூரும் கூடவே உயரும். வரிசையில் ஒரு நாற்று பட்டுப்போனாலும் நீர் முழுவதும் அந்த இடைவெளி வழியே பாய்ந்து பள்ளம் பறிக்கும் என்பதால், முதல் மழைக்காலத்தில் இடைவெளிகளை உடனுக்குடன் நிரப்ப வேண்டும்.

எப்போது, எவ்வளவு வெட்டிவிட வேண்டும்?

முதல் ஆண்டில் இரண்டு அல்லது மூன்று முறை ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டினால் பக்கக் கன்றுகள் நிறைய வரும். அதன் பிறகு, தனித்தூர்களை ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்கு முன்பு ஆவணி வாக்கில் வெட்டினால் போதும். மழையில் புதுத் தளிர் பொங்கி வரும். உச்சிக் கோடையில் வெட்ட வேண்டாம். பழுத்த இலைகளானாலும் அவைதான் தூருக்கு நிழல். இலை ஓரம் கையைக் கீறும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். வெட்டிய இலையை எரிக்காமல் தென்னைக்கோ வாழைக்கோ மூடாக்காகப் போடலாம். இளம் இலையை மாடு தின்னும்.

புதரில் பாம்பு தங்காதா? கொசுவை விரட்டும் என்கிறார்களே?

இரண்டு நம்பிக்கைகளையும் அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த இலைகள் ஆண்டுக்கணக்கில் மண்டிக் கிடக்கும் எந்தப் புதரிலும் எலி தங்கும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். ஆண்டுதோறும் வெட்டி, அடியில் கிடக்கும் சருகை வாரிவிட்டால் அந்த அச்சத்துக்கு இடமில்லை. குழந்தைகள் விளையாடும் இடத்தில் தூர்களை இடைவெளி விட்டு நடுங்கள். கொசுவைப் பொறுத்தவரை, வாசனை எண்ணெய் மண்ணுக்கடியில் வேரில் இருக்கிறது. செடி நிற்பதாலேயே கொசு ஓடிவிடாது.

பூச்சியும் நோயும் தாக்குமா?

பெரிதாகத் தாக்குவதில்லை. காய்ந்த தண்டுகளில் கரையான் ஏறலாம். அவற்றை வெட்டி அப்புறப்படுத்தி ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டால் செடி தேறிக்கொள்ளும். மழைக்காலத்தில் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் அந்த இலைகளை நறுக்கிவிடுங்கள். மருந்து அடிக்கும் தேவை வீட்டுத் தோட்டத்தில் எழாது என்பதே என் அனுபவம். உரத்தையும் அளவாகவே போடுங்கள். யூரியாவைக் கொட்டினால் விறைப்புப் போய் இலைகள் சரிந்துவிடும்.

அழகுக்கு நட்ட தூரிலிருந்து வேரையும் எடுத்துக்கொள்ளலாமா?

இதை நடுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வேரை எடுப்பது என்றால் தூரையே தோண்டி எடுப்பது என்று பொருள். அழகுக்கு நின்ற இடம் வெறுமையாகும். சரிவில் நட்டதாக இருந்தால் மண்ணும் நெகிழும். எனவே வேருக்கென்று இரண்டு மூன்று செடிகளைத் தனியே வைப்பதே சரியான வழி.

அதற்கு ஆழமான சாக்கு ஒன்றோ அடியில் துளையிட்ட டிரம் ஒன்றோ போதும். மூன்று பங்கு மணலும் ஒரு பங்கு மட்கிய எருவும் கலந்து நிரப்பி, ஒரு நாற்றை நடுங்கள். மண்ணை வறுக்கவோ மருந்திட்டுக் கிருமி நீக்கவோ வேண்டாம். வேரின் வாசனை எண்ணெய் உருவாவதில் மண் நுண்ணுயிர்களுக்கும் பங்கு உண்டு. பதினைந்து முதல் பதினெட்டு மாதங்களில் வேர் முற்றும். அதற்கு முன்பு எடுத்த வேர் வெளிறி, மணம் குறைந்து இருக்கும். தை, மாசியில் மழையற்ற நாளாகப் பார்த்துச் சாக்கை நெடுக்குவாட்டில் கிழித்தால், உள்ளே மண் தெரியாத அளவுக்குச் செம்பழுப்பு இழைகள் ஒன்றோடொன்று பின்னிச் சாக்கின் வடிவத்திலேயே நிற்கும். குழாய் நீரைப் பாய்ச்சி மணலைக் கரைத்து, வேரை அறுத்தெடுத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட்டால் மணம் போய்விடும். ஒரு சாண் தண்டோடு அடித்தூரை மீண்டும் நட்டுவிடலாம்.

ஒரு பிடி வேரை நன்றாகக் கழுவித் துணியில் முடிந்து மண்பானைத் தண்ணீரில் போட்டால், ஒரு கோடை நாளுக்கு அது போதும். மீதியைத் தட்டியாகப் பின்னிச் சன்னலில் தொங்கவிட்டு நீர் தெளித்தால், உள்ளே வரும் காற்று குளிர்ந்து மணக்கும்.

மாடியில், தொட்டியில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம்; ஆனால் தொட்டியில் வைத்த வெட்டிவேரை வறட்சி தாங்கும் செடி என்று எண்ண வேண்டாம். வேர் இறங்க ஆழமில்லாதபோது அது மற்றத் தொட்டிச் செடிகளைப் போன்றதே. கோடையில் நாள்தோறும் தண்ணீர் கேட்கும். ஒன்றரை அடிக்குக் குறையாத ஆழமுள்ள குரோ பேக் தேவை. வேர் பையை நிறைத்துவிடும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை பிரித்து நட வேண்டும். ஈர மண்ணின் எடை அதிகம். பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ உத்திரமோ உள்ள ஓரங்களில் வையுங்கள்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு தூரின் நடுப்பகுதி காய்ந்துவிடுகிறது. செடி சாகிறதா?

சாகவில்லை, முதுமையால் நடுத்தண்டுகள் மடிந்து, உயிருள்ள கன்றுகள் வெளிவட்டத்துக்கு நகர்ந்திருக்கின்றன. ஆவணியில் தூர் முழுவதையும் அரை அடிக்கு வெட்டி, நடுவிலுள்ள காய்ந்த தண்டுகளைக் கடப்பாரையால் கிளறி எடுத்து, அந்தக் குழியில் மட்கிய எருவை நிரப்புங்கள். வெளிவட்டத்தில் நெருக்கமாக உள்ள பக்கத்திலிருந்து ஒரு துண்டை அறுத்து நடுவில் நட்டு, புது நாற்றுக்கு விடுவது போலவே அதற்கு இரண்டு மாதங்கள் தண்ணீர் விடுங்கள். பிரித்ததில் மிஞ்சும் நாற்றுகளை ஈரச் சாக்கில் சுற்றிவைத்தால் சில நாள்கள் வாடாமல் இருக்கும். கேட்கும் அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம்.